படிவத்தில் எழுதிய பொய்

கல்யாணமான ஆறாம் மாதம், ஒரத்தநாட்டிலிருந்து நானும் மனைவியும் மலைக்குப் போயிருந்தோம். காட்டுப் பள்ளத்தாக்கின் குறுக்கே கம்பியில் தொங்கிப் போகும் ஜிப்லைன் பயணம். வலிப்பு உண்டா என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். பெண் பார்த்த நாளிலிருந்து அவளிடம் நான் மறைத்துவந்த நோய் அது. ‘இல்லை’ என்று எழுதினேன்.

என் இடுப்புப் பட்டையை இறுக்கிய வழிகாட்டி சொன்னார்: “எதையாவது மறைச்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க சார். நடுவுல மயங்கிட்டீங்கன்னா நான்தான் கம்பியில வந்து தூக்கணும். எனக்கும் குடும்பம் இருக்கு.”

பக்கத்தில் மனைவி ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் காதுபடவே சொன்னேன்: “எனக்கு வலிப்பு இருக்கு. மாத்திரை சாப்பிடுறேன்.”

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். இருவரும் கம்பியில் ஏறாமலே தஞ்சாவூர் பஸ்ஸில் திரும்பினோம். இறங்கும்போது, “இனிமே என் முன்னாடியே மாத்திரை போடுங்க” என்றாள்.

அவளை இழந்துவிடுவேனோ என்ற பயத்தில்தான் மறைத்தேன். அந்த ஆறு மாதமும் நான் அவளை நம்பவே இல்லை என்பது அன்றுதான் புரிந்தது.