இன்னும் இருபது

"வயித்த உள்ள இழுங்க. இப்போ மெதுவா விடுங்க. அவசரமே கெடையாது, கப்பல் ஒண்ணும் போயிறாது."

காலை ஆறு மணிக்கு முத்துநகர் கடற்கரையில் ஜெயபாய் டீச்சரின் குரல் கேட்கத் தொடங்கிவிடும். பெண்கள் பள்ளி ஒன்றில் முப்பத்தொரு வருடம் விளையாட்டு ஆசிரியை. டீச்சர் ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது. வெள்ளைக் கேன்வாஸ் ஷூவும் கழுத்து விசிலும் இன்னும் ஓய்வு பெறவில்லை. எழும்போதே அசதி, மத்தியானமானால் கண் சொக்குகிறது என்று வருகிற இருபது முப்பது பேரை மணலில் உட்காரவைத்து மூச்சு விடப் பழக்குகிறார். யோகா என்று சொல்லமாட்டார். சர்ச் சபையில் நாலு பேர் முகம் சுளிப்பார்களாம். 'காத்துப் பயிற்சி' என்பார். பெயர் எதுவானால் என்ன, மூக்கு ஒன்றுதானே.

நினைத்த மாத்திரத்தில் போய் உட்கார்ந்துவிட முடியாது. போன வாரம் பலசரக்குக் கடை அய்யாக்குட்டி அண்ணாச்சி வந்தார். சாப்பிட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்தால் தராசு மேலேயே தலை சாய்கிறதாம். டீச்சர் முதலில் கேட்டது ஈசிஜியும் ரத்தப் பரிசோதனைச் சீட்டும்.

"மூச்சு விடுததுக்குமா சீட்டு கேக்கிய?" என்றார் அண்ணாச்சி.

"சீட்டு இல்லன்னா அந்தா, அங்கன நடந்துட்டுப் போங்க அண்ணாச்சி. இங்கன உக்கார வேண்டாம்."

வருகிறவர்கள் இதை வாத்தியார் கெடுபிடி என்று கேலி செய்வார்கள். கெடுபிடிக்குக் காரணம் பக்கத்து சிமெண்ட் பெஞ்சில், மடியில் வெந்நீர் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருக்கிறது. அவர் கணவர் சத்தியராஜ்.

கப்பல் ஏஜென்சி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தவர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியோடு ஒட்டிக்கொண்டார். டீச்சருக்குச் சோம்பல் என்றால் வேப்பங்காய். வயிற்றுவலி என்று ஒதுங்கும் பிள்ளைகளையே இரண்டு சுற்று ஓடவிட்டுச் சரியாக்கியவர். கணவரையும் அதே வரிசையில் நிறுத்தினார். விடிந்ததும் மொட்டைமாடியில், வயிற்றை வெட்டி வெட்டி இழுக்கிற வேக மூச்சு. அறுபது எண்ணிக்கை.

ஒருநாள் நாற்பதில் அவர் கையைத் தூக்கினார்.

"ஜெயா, மூச்சு முட்டுது."

"முட்டத்தான் செய்யும். உக்காந்தே பழகின உடம்புல்லா. இன்னும் இருபது."

அவர் அந்த இருபதையும் போட்டார். அதற்குப் பிறகு மூன்று மாதம், மறுபேச்சில்லாமல் தினம் அறுபது போட்டார். ஒரு காலையில் மாடிப்படியிலேயே சரிந்தார். ஆஸ்பத்திரியில், எத்தனை நாளாக மூச்சு வாங்குகிறது என்று டாக்டர் கேட்டார். டீச்சர் வாயைத் திறப்பதற்குள் சத்தியராஜ் முந்திக்கொண்டார்.

"நேத்துல இருந்துதான் சார்."

ஸ்கேன் அவருக்காகப் பொய் சொல்லவில்லை. மூன்று அடைப்பு, அதுவும் பழசு. முன்பே வந்திருந்தால் இதயம் இந்த அளவுக்குப் பழுதாகியிருக்காது என்றார் டாக்டர். ஆபரேஷன் ஆயிற்று, ஆள் பிழைத்தார். ஆனால் போன தெம்பு போனதுதான்.

அன்றைக்கு அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று டீச்சருக்கு இப்போதும் தோன்றுகிறது. திட்டுக்குப் பதில் திட்டு உண்டு. அந்த ஒரு பொய்க்கு என்ன பதில் சொல்வது? டீச்சரைக் காப்பாற்றத்தானே அதைச் சொன்னார். வேக மூச்சை அதன்பின் டீச்சர் யாருக்கும் சொல்லித்தந்ததில்லை. விசில் கழுத்தில் தொங்குவதோடு சரி.

வகுப்பு முடிந்ததும் இருவரும் ஸ்கூட்டர் நிற்கும் இடத்துக்கு நடப்பார்கள். டீச்சரின் கால் ஓடிப் பழகிய கால், தன்னையறியாமல் பத்தடி முன்னால் போய்விடும். பாதி வழியில், பின்னால் வந்துகொண்டிருந்த செருப்புச் சத்தம் நின்றுபோகும். திரும்பிப் பார்த்தால் அவர் சிரித்துக்கொண்டே, "ஒண்ணுமில்ல, நீ நட" என்று, வாங்குகிற மூச்சு அடங்குமுன்பே அடுத்த அடியை எடுத்துவைத்துவிடுவார். அதனால் டீச்சர் திரும்புவதில்லை. குனிந்து, இறுகக் கட்டியிருக்கும் ஷூ கயிற்றை அவிழ்த்து, அந்தச் செருப்புச் சத்தம் மறுபடி கேட்கிற வரைக்கும் மெதுவாகக் கட்டிக்கொண்டிருப்பார்.