பாட்டு எங்களுக்கு, பொருள் அவர்களுக்கு

ஒரகடம் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து மைதான மணல் காலையிலேயே உள்ளங்காலைச் சுடும். அதில் செருப்பில்லாமல் நடந்து மேடையேறித்தான் வெள்ளிக்கிழமை ‘பிரேயரில்’ நான் நீதிப்பாட்டு ஒப்பித்தேன். ஒருவர் பாட்டுச் சொல்ல, இன்னொருவர் பொருள் சொல்வது வழக்கம். பாட்டு எப்போதும் ‘காலனி’ப் பிள்ளைகளான எங்களுக்கு, பொருள் எப்போதும் ஊர்த்தெருப் பிள்ளைகளுக்கு. யாரும் இதை எழுதி வைக்கவில்லை, ஆனால் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. எனக்கோ பொருள் சொல்லியே தீர வேண்டும் என்று வெறி.

ஏழாம் வகுப்பில் ஒருநாள், பொருள் சொல்ல வேண்டியவனுக்குக் காய்ச்சல். நான் விடுவேனா! அன்றைய பாட்டு கொடுப்பவரைப் புகழ்ந்தது. வாங்குகிறவர் நன்றியோடு இருக்க வேண்டும் என்றது. ஒப்பித்து முடித்தவள் மேடையை விட்டு இறங்காமல் பொருளையும் சொன்னேன்: “கொடுப்பவர் நல்லவர் என்கிறது பாட்டு. அவர் கொடுக்கும் நெல்லை நட்டதும் அறுத்ததும் எங்கள் அம்மா. அதைப் பாட்டு சொல்லவில்லை.”

தமிழய்யா ‘திமிர்’ என்றார். மன்னிப்புக் கேட்காவிட்டால் இனி மேடையே கிடையாது என்று சொல்லி அம்மாவையும் வரச்சொன்னார். நடவிலிருந்து சேற்றுக்காலோடு வந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

“அவ இன்னா சார் தப்பா சொல்லிட்டா? நெல்லு நட்டது நாந்தானே? மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டா, போ சார்.”

அதோடு எனக்கு மேடை போயிற்று. பத்தாவது முடிக்கிறவரை பாட்டு ஒப்பிக்கக்கூட யாரும் கூப்பிடவில்லை. அழுதேன், ஆனால் அடங்கவில்லை.

இன்று அம்மா நட்ட அந்த வயல் ஒரு கம்பெனியின் லாரி நிறுத்துமிடம். நிலம் வைத்திருந்தவருக்கு விலை கிடைத்தது, நட்டவளுக்கு வேலை போயிற்று. பள்ளிக்கூடமும் இல்லை, மூடிவிட்டார்கள். நான் சுங்குவார்சத்திரத்தில் தெற்கத்திப் பெண்களோடு வாடகை அறையில் தங்கித் தொழிற்சாலைக்கு ‘ஷிப்ட்’ போகிறேன். லீவு நாளில் பழைய நீதிநூல்களை எடுத்துவைத்துக்கொண்டு, ஆளாளுக்குப் பொருள் சொல்லிச் சண்டை போடுவோம். போன வாரம் கோபத்தை அடக்கச் சொல்லும் ஒரு பாட்டைப் படித்ததும், திருநெல்வேலிக்காரி செல்வி சிரித்துவிட்டாள்.

“எக்கா, இது சூப்பர்வைசருக்கும் சேத்துத்தான சொல்லிருக்கு? அவருட்ட யாரும் வாசிச்சுக் காட்டலியோ?”

மறுநாள் அந்த சூப்பர்வைசர், பாத்ரூம் போய்வரத் தாமதமானதற்காக ஒரு பெண்ணைக் கண்டபடி திட்டினார். செல்வி வேலையை நிறுத்திவிட்டு அந்தப் பாட்டை முழுசாகச் சொன்னாள். ‘லைன்’ முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“இதுக்கு இன்னா அர்த்தம்?” என்றார் அவர்.

நான் எழுந்து நின்று சொன்னேன்.