அழித்த கார்டும் திறக்காத டிஸ்கும்

கலஹாவில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். முகூர்த்த நாட்களில் கல்யாணங்கள் அடுத்தடுத்து வரும். அதனால் ஒரு கல்யாணப் படங்களை ஹார்ட் டிஸ்கில் ஏற்றியதும், மறுநாளைக்காக மெமரி கார்டுகளை அழித்துவிடுவேன்.

அப்படி ஒரு கல்யாணத்தின் கார்டுகளை அழித்த பிறகு ஒருநாள், அந்த மணப்பெண்ணின் அண்ணன் படம் பார்க்க வந்தார். டிஸ்கைச் செருகினேன். திறக்கவில்லை, ‘ஃபோர்மட் செய்யவா?’ என்று கேட்டது கணினி. ‘ஆம்’ என்று அழுத்தப் போனேன். பக்கத்தில் நின்ற மனைவி கையைப் பிடித்தாள்.

“ஐயோ, அழுத்தாதீங்க! எல்லாம் அழிஞ்சிரும். மொதல்ல கேபிளை மாத்திப் பாருங்க.”

வேறு கேபிள் போட்டதும் டிஸ்க் திறந்தது. முதல் வேலையாக எல்லாவற்றையும் மடிக்கணினியில் பிரதி எடுத்தேன். வந்தவர் ஒன்றும் தெரியாமல் கதிரையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது இரண்டு இடத்தில் பிரதி எடுத்து, திறந்து பார்த்த பிறகே கார்டை அழிக்கிறேன். அந்தப் பழைய கேபிளை வெட்டியே எறிந்தேன். அலுமாரியில் வைத்தால் நானே மறுபடி எடுத்துச் செருகுவேன்.