பன்னிரண்டாம் பக்கெட்டின் மூடி

திருப்பதியில் நான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஆய்வுக்கூடத்தில், வெளியே போய் வேலை செய்கிறவர்களுக்கான பாதுகாப்பு விதிகளை எழுதியவன் நான்தான். எங்கள் பேராசிரியர், ஒரு பக்கத்துக்கு ஏதாவது எழுதிக் கதவில் ஒட்டச் சொன்னார். நான் பதினான்கு பக்கம் எழுதினேன். மொத்தம் இருபத்திரண்டு விதிகள், எல்லாம் இங்கிலீஷில். லேமினேட் செய்து கதவுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினேன். ஒருமுறை எல்லோருமாகச் சந்திரகிரிக் கோட்டையைச் சும்மா சுற்றிப் பார்க்கப் போனபோதுகூட, புறப்படும் நேரம், திரும்பும் நேரம், அவசரத் தொடர்பு எண் என்று பதிவேட்டில் எழுதவைத்தேன். அதற்குப் பிறகு எங்கேயும் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் வேலை கங்காதர நெல்லூருக்குப் பக்கத்தில் ஒரு கரட்டுக் குன்றின் அடிவாரத்தில் நடந்தது. அங்கே இருபது பிளாஸ்டிக் பக்கெட்டுகளை, வாய் தரை மட்டத்துக்கு இருக்கும்படி புதைத்திருந்தோம். ஓடுகிற அரணையும் தத்துகிற தவளையும் அதில் விழும். காலையில் போய் எண்ணி, அளந்து, வெளியே விட்டுவிடுவோம். திங்கள் முதல் வியாழன் வரை பக்கெட்டுகள் திறந்திருக்கும். மற்ற நாட்களில் மூடியே ஆகவேண்டும். ஒன்றை மறந்துவிட்டு வந்தால், அதில் விழுந்தது ஏறி வர வழியில்லை. வெயிலென்றால் காய்ந்து சாகும், மழையென்றால் மூழ்கிச் சாகும். ஆகவே விதி பதினொன்று: கடைசியாகக் கிளம்புகிறவர் ஒவ்வொரு மூடியையும் கையால் தொட்டு எண்ண வேண்டும். விதி ஏழு: யாரும் தனியாகப் போகக் கூடாது. விதி ஒன்பது: பக்கெட்டுக்குள் வெறுங்கையை விடக் கூடாது.

இந்த வேலையில் என்னோடு இருந்தவள் எனக்கு இரண்டு வருடம் இளையவள், திருவள்ளூர்ப் பக்கத்துப் பெண். அரணையைப் பிடிப்பதிலிருந்து வண்டிக்குப் பங்க்சர் போடுவது வரைக்கும் என்னைவிடக் கெட்டிக்காரி. அதனாலேயோ என்னவோ, அவளைத் திருத்துவதில் எனக்குத் தனி அக்கறை இருந்தது. ஒருநாள் மறந்துவிட்ட தண்ணீர் பாட்டிலை எடுக்க அவள் மட்டும் குன்றுக்குத் திரும்பிப் போய்ப் பத்து நிமிடத்தில் வந்துவிட்டாள். விதி ஏழை மீறியதற்காக நான் அவளிடம் எழுத்தில் விளக்கம் கேட்டு வாங்கினேன். அவள் எழுதிக் கொடுத்தாள். அதைக் கோப்பில் வேறு போட்டுவைத்தேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த வியாழக்கிழமை அவள் பேராசிரியரோடு முன்னாலேயே வண்டிக்குப் போய்விட்டாள். கணக்கை முடித்து நோட்டில் எழுத உட்கார இடம் தேடினேன். எங்கு பார்த்தாலும் நெருஞ்சி முள். மூடுவதற்காகக் கையில் வைத்திருந்த கடைசி மூடியைத் தரையில் போட்டு அதன்மேல் சவுகரியமாக உட்கார்ந்தேன். 'இருபது மூடிகளும் சரிபார்க்கப்பட்டன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு எழுந்து மண்ணைத் தட்டி மூடியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, விசிலடித்தபடி இறங்கினேன். அந்த இருபதில் ஒன்றின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் இருபதும் சரி என்று எழுதினேன் என்பது அந்த நேரத்தில் என் மண்டைக்கு எட்டவில்லை.

வெள்ளி சாயங்காலம் கோடை மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. சித்தூரில் எங்கள் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து டீயும் பஜ்ஜியுமாக அதை ரசித்தேன்.

சனிக்கிழமை காலையில் சமையலறைக்குள் போனேன். தோசை மாவுக் குண்டானை ஒரு நீல மூடி மூடியிருந்தது. அதில் என் கையெழுத்தில் 12 என்று எழுதியிருந்தது. நான் போட்ட கூச்சலில் அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

"இன்னாடா இப்டி கத்தினுகீறே? உன் பையில கீது. நல்லா தேச்சிக் கழுவிட்டுத்தான் மூடினேன்."

"அம்மா, அது பக்கெட் மூடிம்மா!"

"அளவு சரியா கீதே."

பன்னிரண்டாம் பக்கெட் இரண்டு நாளாகத் திறந்திருக்கிறது. அதற்குள் எது விழுந்திருந்தாலும் இந்நேரம் தண்ணீரில் நீந்திக்கொண்டிருக்கும், இல்லையென்றால் நீந்தி ஓய்ந்திருக்கும். செய்ய வேண்டியது ஒன்றுதான். அவளுக்குப் போன் செய்து, 'நான் மூடியை மறந்துவிட்டேன், கூட வா' என்று சொல்ல வேண்டும். போனை எடுத்தேன். அவள் எழுதிக் கொடுத்த விளக்கம் நினைவுக்கு வந்தது. போனைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன். மூடி கையில் இருந்தது. கையுறையை எடுக்கும் நினைவே வரவில்லை.

குன்றுக்கு மூச்சிரைக்க ஓடினேன். பக்கெட்டின் அடியில் நீர் வடியப் போட்டிருந்த ஓட்டைகளைச் சேறு அடைத்திருந்தது. பாதி உயரத்துக்குத் தண்ணீர். மூன்று சிறு தவளைகளும் இரண்டு அரணைகளும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. தவளைகூடத் தண்ணீரில் சாகும் என்று பாடத்தில் படித்திருக்கிறேன். ஏறி உட்கார இடமில்லாமல் இரவெல்லாம் சுற்றிச் சுற்றி நீந்தினால் அதுவும் சாகத்தான் வேண்டும். வெயிலுக்கு நிழலாக நாங்கள் போட்டிருந்த கொட்டாங்கச்சி கவிழ்ந்து மிதந்தது. அதன் விளிம்பை ஓர் அரணைக் குட்டி பிடித்துக்கொண்டிருந்தது. உயிரோடிருந்தது. வாய் திறந்து திறந்து மூடியது.

கையை விட்டேன். குட்டியை எடுத்துப் புல்லில் விட்டேன். அது ஓடியதை முழுசாகப் பார்க்கக்கூட முடியவில்லை. கொட்டாங்கச்சியின் உட்புறத்தில் ஒண்டியிருந்த செந்தேள் என் வலது கட்டைவிரலில் ஒரு போடு போட்டுவிட்டது.

வலியென்றால் அப்படியொரு வலி. விரலில் கொட்டினால் தோள்பட்டை வரைக்கும் கொதித்தது. உடம்பெல்லாம் வேர்த்தது, நெஞ்சு படபடத்தது. போனை எடுத்தால் டவர் இல்லை. பேராசிரியருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அம்மாவுக்கு மட்டும் நான் ஒரு மூடியோடு வெளியே போயிருப்பது தெரியும். செத்துப்போனால் பேப்பரில் என்ன போடுவார்கள் என்று யோசித்தேன். பாதுகாப்பு விதிகளை எழுதியவர் என்று மட்டும் போட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

அங்கே தினமும் ஆடு மேய்க்கிற பெண்மணி ஒருவர் உண்டு. என் வயதுதான் இருக்கும். நாங்கள் போகும்போது தலையாட்டுவார், நானும் தலையாட்டுவேன். அவ்வளவுதான் பழக்கம். என் கத்தல் கேட்டு அவர் ஓடி வந்தார்.

"அய்யோ தேவுடா! இன்னா நைனா, ஒத்தையிலயா வந்தே? அந்த அம்மாயி எங்க?"

"அந்தப் பொண்ணு வரல. தேள் கொட்டிடுச்சி."

"எந்திரு, எந்திரு. இங்க குந்திக்கினு இருந்தா ஆவுமா?"

பாறைமேல் ஏறி நின்று அவர் போன் செய்தார். அங்கே மட்டும் டவர் கிடைக்கும் என்பது எட்டு மாதமாக வந்துபோகிற எனக்குத் தெரியாது. யாருக்குச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"அந்த அம்மாயிக்குத்தான். மொத நாளே நம்பர் எழுதிக் குடுத்துச்சி. எதுனா ஆச்சின்னா சொல்லுக்கான்னுச்சி. நீதான் எதுவும் பேச மாட்டியே."

என் பதினான்கு பக்கங்களில் அவசர எண்களுக்கென்றே முழுசாக ஒரு பக்கம் உண்டு. அது திருப்பதியில் கதவோரம் தொங்கிக்கொண்டிருந்தது.

மாங்காய் ஏற்றிப்போன குட்டி லாரி ஒன்றை அவர் ரோட்டில் நின்று மறித்தார். கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள், மறுநாள் வரை படுக்கச் சொன்னார்கள். மத்தியானத்துக்குள் அவள் திருப்பதியிலிருந்து பஸ்ஸில் வந்துவிட்டாள். அதற்கு முன்பே குன்றுக்குப் போய், ஆடு மேய்க்கும் அக்காவைத் துணைக்கு வைத்துக்கொண்டு நான் அங்கே போட்டுவிட்டு வந்த மூடியால் பக்கெட்டை மூடிவிட்டு வந்திருக்கிறாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். பையிலிருந்து விபத்து அறிக்கைப் படிவத்தை எடுத்தாள். அதுவும் நான் தயாரித்ததுதான்.

"உங்களால எழுத முடியாது, நான் எழுதறேண்ணா. சொல்லுங்க. செத்த உயிர் எத்தனை?"

"அஞ்சு. மூணு தவளை, ரெண்டு அரணை."

"காரணம்?"

"மூடியை நான் மறந்துட்டேன். நோட்டுல இருபதுன்னு பொய்யா எழுதினேன்."

எழுதினாள். அடுத்த கேள்வியைப் படித்தாள்.

"தனியாகச் சென்றிருந்தால், ஏன்?"

"அவசரம்" என்றேன். அவள் எழுதவில்லை. பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்துப் படுக்கைக்காரர் கஞ்சி குடித்து முடித்துவிட்டார்.

"உனக்குப் போன் பண்ண வெக்கமா இருந்துச்சி" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தேள் கொட்டிய வலி என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விரலைப் பிடித்துக்கொண்டேன்.

அதையும் ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். படிவத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தாள். வலது கை பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது, பேனா பிடிக்க முடியவில்லை. அவள் நர்ஸிடம் மைப்பெட்டி கேட்டு வாங்கி வந்தாள். ஐந்து உயிர், என் மறதி, என் வெட்கம் எல்லாவற்றுக்கும் கீழே, ஏழு வருடம் உயிரியல் படித்த நான் இடது கட்டைவிரலால் கைநாட்டு வைத்தேன்.