பாடகர் இல்லாத நால்வர்

எங்கள் குழுவில் பாட ஆளில்லை. பதினொரு வருடமாக இந்த அபுதாபி ருவைஸில் எல்லோரும் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி இது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு கிடார், ஒரு பேஸ் கிடார், ஒரு டிரம்ஸ், அவ்வளவுதான். "அப்போ பாட்டு யார் சார் பாடுவாங்க?" என்று கேட்பவருக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் குணம் எனக்குக் கிடையாது. "கிடார் பாடும், நீங்க காதைத் திறந்து வைங்க" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

எங்களுக்கு முன்மாதிரி, அறுபதுகளில் கொடிகட்டிப் பறந்த ஓர் இங்கிலாந்துக் குழு. அவர்கள் உச்சத்தில் இருந்தபோது எங்களில் யாரும் பிறந்திருக்கவில்லை. திருச்சியில் கல்லூரியில் படித்த காலத்தில், பழைய கடையில் வாங்கிய ஒரு கேசட் வழியாக அவர்கள் எனக்கு அறிமுகமானார்கள். ஒரு பாடகருக்குப் பின்னால் நின்று வாசிக்க வந்தவர்கள். சனம் பாடகரைப் பார்த்ததே தவிர இவர்களைப் பார்க்கவில்லை. பிறகு ஒரு வார்த்தைகூட இல்லாத மெட்டு ஒன்றை வெளியிட்டார்கள். அது அந்த நாட்டுப் பட்டியலின் முதலிடத்தில் போய் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது. தடித்த பிரேம் கண்ணாடி போட்ட மனிதர் லீடு கிடார் வாசிப்பார். எல்லோருக்கும் ஒரே மாதிரி கோட்டு, மேடையில் ஒரே மாதிரி காலடி. சில வருடங்களில் பாடவும் தெரிந்த, வாசிக்கவும் தெரிந்த பையன்கள் கூட்டமாக வந்து இறங்க, இவர்களுடைய மவுசு குறைந்தது. பிரிந்தார்கள், சேர்ந்தார்கள், பேஸ் வாசிப்பவர் மாறிக்கொண்டே இருந்தார். கடைசிப் பயணம் என்று சொல்லி விடைபெற்றுவிட்டு, மறுபடியும் வந்து நின்றார்கள்.

"ரிட்டயர்மெண்டை இவங்களாட்டம் ருசிச்சு ருசிச்சு எடுத்தவங்க உலகத்துலயே இல்லீங்க" என்பார் எங்கள் லீடு கிடார்காரர்.

அவர் கோயம்புத்தூர்க்காரர். எங்கள் நால்வரில் மூத்தவர், மூக்குக் கண்ணாடியும் உண்டு. பேஸ் வாசிப்பவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய மாமா கொழும்பில் கல்யாண வீடுகளுக்கு வாசித்த பேண்டில் இருந்தாராம், இந்த மெட்டுகள் எல்லாம் அவருக்குத் தாய்ப்பாலோடு வந்தவை. டிரம்ஸ் ஒரு கோவாக்காரர், எல்லோருக்கும் அவர் பாய். நான் ரிதம், அதாவது லீடு பறக்கும்போது கீழே தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன். வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் சந்தோஷமாகவே இருந்தேன்.

நாங்கள் நால்வரும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் ஒரே கட்டுப்பாட்டு அறையில், ஒரே நாற்காலிக்கு, நான்கு ஷிப்டுகளைச் சேர்ந்த ஆட்கள். வினை அங்கேதான் இருந்தது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருவர் என்று மாற்றி மாற்றி உட்கார வேண்டும். ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் உட்கார முடியும். ஆகையால் எந்த நேரத்திலும் எங்களில் ஒருவர் டூட்டியில் இருப்பார். பதினொரு வருடமும் மூன்று மூன்று பேராகத்தான் வாசித்துப் பழகினோம். அன்றைக்கு வராதவருடைய இடத்தை வந்தவர்கள் நிரப்பிக்கொள்வோம். லீடு இல்லாத நாளில் அவருடைய மெட்டை நான் வாசிப்பேன், நான் இல்லாத நாளில் என் ரிதமை பேஸ்காரர் இழுத்துக்கொள்வார். டிரம்ஸ் பாய் இல்லையென்றால் மேசையைத் தட்டுவதுதான்.

போன மார்கழியில் லீடுக்கு ஓய்வுக் கடிதம் வந்தது. ஜனவரி கடைசியில் விசா ரத்து. அவர் அதிகமாக எதற்கும் ஆசைப்படாதவர், ஆனால் அன்றைக்குக் கேட்டார்.

"ஏனுங்க, போறதுக்குள்ள ஒரே ஒரு வாட்டி நாலு பேரும் ஒண்ணா மேடை ஏறோணுமுங்க. அந்தப் பெரிய மெட்டை முதல்லயிருந்து கடைசி வரைக்கும் நான் வாசிச்சுப் போடோணும்."

பொங்கல் விழா சனிக்கிழமை மாலை, குடியிருப்பு அரங்கில். கமிட்டிச் செயலாளரிடம் போனேன். "பாட ஆள் இல்லாம என்ன சார் ஆர்கெஸ்ட்ரா? கரோக்கே ரெடியா இருக்கு, உங்க லீடை வேணும்னா ஒரு பாட்டு பாடச் சொல்லுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கரும்பைக் கட்டி நிறுத்துறீங்களே, அது பாடுமா?" என்று கேட்டுவிட்டேன். அதற்கு அவர் என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டாரோ, பத்து நிமிடம் கொடுத்தார், அதுவும் சாப்பாட்டுக்கு முன்னால்.

அடுத்த தடை நான்தான். அந்தச் சனிக்கிழமை பகல் டூட்டி எனக்கு. அரபி சூப்பர்வைசரிடம் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். நான் கதையை முடிப்பதற்குள் மனிதர் என் நாற்காலியில் உட்கார்ந்தே பார்த்துவிட்டார். "யல்லா, அன்னிக்கு ரெண்டு மணி நேரம் நான் பாக்கறேன், நீ போ" என்று ஹிந்தியில் சொன்னார். நன்றி சொல்ல வந்தவனை "கலாஸ், கலாஸ்", போதும் போதும் என்று விரட்டிவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவர் பார்க்கவில்லை.

இடையில் ஒரு நாள் பயிற்சியில்தான் அதைக் கவனித்தேன். மெட்டின் மூன்றாம் பகுதியில், கிடாரின் கழுத்தில் மேலே ஏறுகிற இடத்தில், லீடு இரண்டு சுரத்தை விட்டுவிட்டார். இடது கை மோதிர விரல் மடங்கவில்லை.

"என்னண்ணா ஆச்சு?"

"கம்பி பழசுங்க" என்றார். முந்தின வாரம் அந்தக் கம்பிகளை மாற்றிக் கொடுத்தவனே நான்தான்.

அதற்கு மேல் கேட்கவில்லை. கடைசி ஆசையை வைத்துக்கொண்டு நிற்கிற மனிதரிடம் விரலைக் காட்டு என்று எப்படிக் கேட்பது? மனதுக்குள் ஒரு முடிவு எடுத்தேன். மேடையில் நானும் யாரிடமும் சொல்லாமல் லீடு மெட்டையே வாசித்துவிடுவது. அவர் விட்டால் என் கிடாரில் கேட்டுவிட்டுப் போகட்டும். ரிதமை பேஸ்காரர் பார்த்துக்கொள்வார், எப்போதும் பார்த்துக்கொள்கிறவர்தானே.

ஷிப்டு மாறும்போது நாங்கள் ஒருவருக்கொருவர் எல்லாவற்றையும் ஒப்படைப்போம். எந்தப் பம்பு கசிகிறது, எந்த அலாரம் சும்மா கத்துகிறது என்று ஒன்று விடாமல் சொல்லி, வந்தவர் "சரி, நான் பாத்துக்கறேன்" என்ற பிறகுதான் நாற்காலியை விட்டு எழுவோம். விரல் விஷயத்தை மட்டும் யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை வந்தது. நால்வரும் ஒரே மாதிரி நீலக் கோட்டு, பேஸ்காரருக்கு மட்டும் பொத்தான் பூட்ட முடியவில்லை. முன் வரிசையில் என் மனைவியும் மகளும். மகள் சத்தமாக, "அப்பா, வேர் இஸ் தி சிங்கர்?" என்றாள். என் ரத்தமே இப்படி!

பாய் குச்சிகளைத் தட்டி நான்கு எண்ணினார். என்ன இவ்வளவு மெதுவாக எண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டே மெட்டைத் தொடங்கினேன். பக்கத்தில் லீடும் தொடங்கினார். அதே மெட்டு, தடித்த குரலில், இடது பக்கத்திலிருந்தும் வந்தது. திரும்பினால் பேஸ்காரர் கண்ணை மூடிக்கொண்டு லீடு வாசிக்கிறார்! கீழே தாளத்தைத் தாங்க ஒரு ஆள் இல்லை. பாய் வேறு, விரலுக்கு அவகாசம் கிடைக்கட்டும் என்று மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டுகிறார். மூன்று கிடாரும் ஒரே மெட்டை இழுக்க, அரங்கம் அதுதான் புது ஸ்டைல் போலும் என்று முழித்தது. ஓரமாக நின்ற செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

லீடு கையை எடுத்துவிட்டார்.

நாங்களும் நின்றோம். அவர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு. பேஸ்காரர், "அண்ணை, நான் உங்கட விரலுக்காண்டி..." என்று தொடங்கி விழுங்கிக்கொண்டார். எனக்குக் காலடியில் பலகை பிளந்தால் தேவலை என்று இருந்தது.

"நல்லாத்தான் வாசிச்சீங்க எல்லாரும்" என்றார் லீடு. பக்கத்தில் தொகுப்பாளரின் மைக் திறந்தே இருந்தது, அரங்கம் முழுக்கக் கேட்டது. "ஆனா என்னோட பாட்டை நானே தப்பா வாசிக்கறதுக்காச்சும் உட்டிருக்கலாமுங்கல்ல?"

யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அவருடைய கண்ணாடிக்குள் தண்ணீர் இருந்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அந்த மனிதரை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

"மறுபடி முதல்லயிருந்து. அவங்கவங்க வேலையை அவங்கவங்க பாருங்க. பாய், ஜல்தி, நான் ஒண்ணும் செத்துப் போகலை."

பாய் இந்த முறை சரியான வேகத்தில் எண்ணினார். பேஸ் கீழே இறங்கிக்கொண்டது. நான் என் ரிதமைப் பிடித்தேன். மேலே லீடு மட்டும், தனியாக. பதினொரு வருடத்தில் முதல் முறையாக நான்கு பேரும் அவரவர் இடத்தில் இருந்தோம். எவ்வளவு நன்றாக இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாம் பகுதி வந்தது. அவர் மேலே ஏறினார், விரல் மடங்கவில்லை, ஒரு சுரம் போயிற்று. அடுத்ததும் போயிற்று. எனக்குக் கை பரபரத்தது. பேஸ்காரர் என்னைப் பார்த்தார், நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. இரண்டு சுரம் இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் தாளம் மட்டும் ஓடியது. லீடு அதைத் தாண்டி மறுபக்கம் இறங்கி, ஒரு குறையும் இல்லாதவரைப் போல வாசித்துக்கொண்டே போய் மெட்டை அவரே முடித்தார்.