ஹனோயில் நமக்கு யாரு இருக்கா

ஆங்கில ஆசிரியர் பயிற்சிக்கு எங்கே போவது என்று குழம்பிய அந்த மாதம், கீழக்கரையில் எங்கள் வீட்டில் இரண்டே பேச்சு. ஒன்று என் நிக்காஹ். இன்னொன்று, ஹனோயா துபாயா. எங்கள் ஊரில் பெண், கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. வாப்பா அவள் பேரில் ஒரு வீட்டை எழுதிவைப்பார். அங்கேதான் அவள் இருப்பாள். கடல் தாண்டுவது ஆண்கள் பாடு. நிக்காஹுக்கு முன்னால் ஒரே ஒரு தடவை போய்வா என்று வாப்பா சொன்னதே பெரிய விஷயம். அந்தச் சான்றிதழ் சரியாக அமைந்தால், வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக்காரர்களுக்குக் கணினியில் பாடம் எடுக்கலாம். யார் கையையும் பார்த்து உட்கார வேண்டாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஹனோயில், ஆங்கிலம் தெரியாத அந்த ஊர் மனிதர்களே வகுப்புக்கு வந்து உட்காருவார்களாம். நாம் பாடம் எடுப்பதைப் பயிற்றுநர் பின்னாலிருந்து பார்த்துக் குறை சொல்வாராம். துபாய்ப் பயிற்சி நிலையத்தில் அது கிடையாது. அவர்கள் அனுப்பிய தாளிலேயே அப்படித்தான் இருந்தது. படித்தேன். நன்றாகப் படித்தேன். படித்துவிட்டுத்தான் இந்தக் கூத்தடித்தேன்.

வாப்பா ஒன்றுதான் கேட்டார். "ஹனோயில நமக்கு யாரு இருக்கா மகளே?"

வெளிநாடு என்றால் எங்கள் ஊரில் முதலில் கேட்பது இதைத்தான். என்ன வேலை என்பதுகூட அப்புறம்தான். ஹனோயில் யாருமில்லை. துபாயில் எனக்கு மூத்தவன், காக்கா, குடும்பத்தோடு இருந்தான், அந்த நிலையத்துக்கு இரண்டு தெரு தள்ளி. பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது என்றாள் உம்மா.

மறுநாள் வாப்பாவே வந்து, "ஒனக்கு அங்கனதான் மனசுன்னா சொல்லு. நானும் கூட வாரேன். ஒரு மாசந்தானே?" என்றார்.

மனசு அங்கேதான் இருந்தது. ஆனால் முகம் தெரியாத ஊர், பாஷை தெரியாத தெரு, முன்னால் வந்து உட்காரப்போகும் அந்நியர்கள் என்று நினைத்ததும் பின்வாங்கிவிட்டேன். "துபாயே போதும் வாப்பா" என்றேன்.

துபாயில் மாணவர்கள் யார் தெரியுமா? கூடப் படித்தவர்கள்தான். ஒருத்தி பாடம் எடுக்க, மற்றவர்கள் ஆங்கிலமே தெரியாத மாதிரி முழிக்க வேண்டும். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். மாலையில் மதினி கையால் சுடச்சுடச் சாப்பாடு. சான்றிதழுக்குத் தங்க நிறத்தில் கரைகூட இருந்தது.

ஊர் திரும்பி, கணினியில் பாடம் நடத்தும் நிறுவனங்களுக்கு விண்ணப்பம் போட்டேன். பேசியவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: உண்மையான மாணவர்களுக்குப் பாடம் எடுத்தீர்களா, யார் மேற்பார்த்தார்கள்? இல்லை என்றதும் குரலில் மரியாதை கூடிவிடும். மறுபடி அழைக்கமாட்டார்கள். எத்தனை பேரிடம் அந்த 'இல்லை'யைச் சொல்லியிருப்பேன்! சீ, என்ன பிழைப்பு.

நிக்காஹ் முடிந்தது. என்னைக் கட்டிய மச்சான் கத்தாருக்குப் போய்விட்டார். வீடு என் பேரில் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? பகலெல்லாம் அறை அறையாக நடக்கிறேன். மறுபடி போகிறேன் என்று கேட்க வாய் வரவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், வாப்பா ஹனோய்க்கு விடவில்லை என்று சொல்லி வைத்தேன். சொல்லச் சொல்ல அது உண்மை போலவே ஆகிவிட்டது.

போன வாரம் பக்கத்து வீட்டு மாமி வந்தார். "இங்கிலீஷ் டீச்சராகப் போறேன்னியே, என்னம்மா ஆச்சு?"

"ஹனோய்க்குப் போயிருந்தா ஆயிருப்பேன் மாமி. வாப்பா விடல."

வாப்பா வந்திருந்ததை மறந்துவிட்டேன். கொல்லைக் குழாயில், தொழுகைக்காகக் கை, கால், முகம் கழுவி உளூச் செய்துகொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தம் நின்றது. முகத்தைத் துடைத்தபடி உள்ளே வந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"ஆமா," என்றார் மாமியிடம். "நாந்தான் விடல."

தொப்பியை எடுத்துக்கொண்டு அஸர் தொழுகைக்குக் கிளம்பிவிட்டார்.