நைனார்பாளையத்து கோல் கீப்பர்

போன வாரம் புது போன் வாங்கினேன். கடையில் இருந்த பெண் என் பழைய போனையும் புதியதையும் ஜோடியாகப் படுக்கவைத்து, "எல்லாம் தானா வந்துடும் சார், நீங்க ஒக்காருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டாள். என்னால் உட்கார முடியவில்லை. திரையில் ஒரு நீலக் கோடு மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு சதவீதம், பதிமூன்று சதவீதம். யாராவது மேசையை இடித்துவிடப் போகிறார்களே என்று இரண்டு கையையும் அணை மாதிரி வைத்துக்கொண்டு நின்றேன். அவள் திரும்பிப் பார்த்து, "சார், அது ஒண்ணும் ஆவாது" என்றாள். சிரித்து வைத்தேன். ஒரு காலத்தில் இதே வேலையைச் சம்பளத்துக்குச் செய்தவன் நான், அதில் ஒரு முழு ஊர் டீமையே அழித்தவன் என்று அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்லலாம்.

டிப்ளமா முடித்துவிட்டு, வேலை வரும் வரும் என்று வீட்டில் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த இரண்டு வருடம் நான் கள்ளக்குறிச்சியில் ஒரு கேம் சென்டரில் இருந்தேன். கச்சிராயபாளையம் சாலையில், மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையின் மாடியில் ஒற்றை அறை. கீழே காயிலுக்கு அடிக்கிற வார்னிஷ் வாசனை ஜன்னல் வழியாக மேலே வரும். கரும்பு வெட்டுகிற மாதங்களில் அதோடு ஆலைக்குப் போகிற டிராக்டர்களின் கரும்பு வாசனையும் சேர்ந்துகொள்ளும். இன்றைக்கும் எங்காவது வார்னிஷ் வாசனை வந்தால் என் கட்டைவிரல் தானாக ஒரு பட்டனைத் தேடும். மனைவிக்கு இது தெரியாது. தெரிந்தால் கேலி செய்ய இன்னொரு காரணம் கிடைத்ததென்று சிரிப்பாள்.

கடை சேவியர் அண்ணனுடையது. நான்கு டிவி, அவற்றில் மாட்டி கேம் ஆடுகிற கன்சோல் பெட்டி நான்கு. நான்குமே பூட்டு உடைத்தவை. அதாவது, கேம் டிஸ்க் வாங்கிப் போட வேண்டியதில்லை, ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவைத்தால் போதும், ஓடும். அது சரியா தப்பா என்று அப்போது நாங்கள் யோசிக்கவில்லை. சேவியர் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். "அண்ணே, இது திருட்டு கேம்தானே?" என்று ஒருமுறை கேட்டேன். "வாங்கலாம்னு பாத்தா இங்க எங்கடா விக்கிறான்?" என்றார். அத்தோடு அந்த விஷயம் முடிந்தது.

என் வேலை ஏற்றுவதும் இறக்குவதும். புது கேம் வந்தால் கம்ப்யூட்டரிலிருந்து டிரைவுக்கு, டிரைவிலிருந்து கன்சோலுக்கு. பெரிய ஃபைலாக இருந்தால் அந்தக் காலத்து டிரைவ் விழுங்காது. துண்டு துண்டாக வெட்டி ஊட்ட வேண்டும். நான் இதைப் பெரிய வித்தையாக நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் எப்போதும் மூன்று பென் டிரைவ் இருக்கும். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொள்வது மாதிரி அதில் ஒன்றைக் கயிறு போட்டுக் கழுத்தில் வேறு தொங்கவிட்டிருந்தேன். அந்தக் கோலத்தில் ஒரு கல்யாண போட்டோவில் கூட நிற்கிறேன்.

கேம் போனால் கவலையில்லை, மறுபடி ஏற்றலாம். சேவ் போனால் போனதுதான். சேவ் என்பது ஆடுகிறவர் இதுவரை ஆடியது முழுவதையும் கன்சோல் எழுதிவைத்திருக்கிற சின்ன ஃபைல். எத்தனை ஜெயித்தார், எங்கே நிறுத்தினார், எல்லாம் அதில்தான். எங்கள் கடையில் நிறைய பேரின் சேவ் இருந்தது. அதில் ஏழுமலை அண்ணனுடையதுதான் மூத்தது.

ஏழுமலை அண்ணன் நைனார்பாளையத்து விவசாயி. வயது நாற்பதைத் தாண்டியவர். மரவள்ளியும் மக்காச்சோளமும் போடுகிறவர். அவர் எங்கள் கடைக்கு வந்ததே கீழே மோட்டாரைக் கொடுத்துவிட்டு, காயில் கட்டி முடிகிறவரை நேரம் போகாமல்தான். "போன் சார்ஜ் போட்டுக்கலாமா தம்பி?" என்று ஏறி வந்தவர், அங்கே ஓடிக்கொண்டிருந்த கால்பந்தைப் பார்த்து, அரை மணி நேரம் கழித்து, "நம்ம ஊரு டீம் ஒண்ணும் இல்லையா இதுல?" என்று கேட்டார். இல்லை, ஆனால் உண்டாக்கலாம் என்றேன். அன்றைக்கு மோட்டார் ரெடியாகி இரண்டு மணி நேரமாகியும் அவர் இறங்கவில்லை.

மோட்டார் ஏன் அடிக்கடி எரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவருக்கும் அவர் அண்ணன் கோவிந்தனுக்கும் நிலம் பாகம் பிரித்தபோது கிணறும் மோட்டாரும் மட்டும் பொதுவில் நின்றுவிட்டன. ஒரு நாள் இவர் முறை, ஒரு நாள் அவர் முறை. தன் முறையில் கரண்டு கம்மியாக வந்தால் அடுத்தவர் முறையில் ஒரு மணி நேரம் ஜாஸ்தி ஓட்டுவது. வோல்டேஜ் இறங்கினாலும் நிறுத்தாமல் ஓட்டுவது. இப்படி இரண்டு பேரும் போட்டி போட்டு மோட்டாரைக் கொளுத்தினார்கள். பேச்சு நின்று ஆறு வருடம். காயில் கடைக்காரர் மட்டும் இரண்டு பேரோடும் மிகவும் அன்பாக இருந்தார்.

டீமுக்குப் பதினோரு பேர் வேண்டுமே. அவர் சொல்லச் சொல்ல நான் ஏற்றினேன். பத்தாம் நம்பர், கேப்டன், அவரே. ரேஷன் கடைக்காரர் தடுப்பு ஆட்டத்தில். "அவரத் தாண்டி ஒண்ணும் வெளிய வராது." லைன்மேனை ஓரத்தில் ஓட வைத்தார். "கூப்பிட்டா வர மாட்டாரு. இதுலயாவது ஓடட்டும்." மறு ஓரத்தில் போஸ்ட்மேன். கீப்பருக்கு வந்தபோது கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துவிட்டு, "கோவிந்தன்னு போடு" என்றார்.

"உங்க அண்ணனா?"

"நின்ன எடத்துல நிப்பாரு. ஒரு இஞ்சி நவுர மாட்டாரு. அதுக்கு அவரு தான் லாயக்கு." பிறகு, "மீசை வெக்க முடியுமா?" என்றார். வைத்தேன். "இன்னும் தொங்கட்டும்" என்றார். தொங்கவிட்டேன்.

ஒவ்வொருவருக்கும் திறமைக்கு மார்க் போட வேண்டும். தனக்கு எல்லாவற்றிலும் தொண்ணூற்றொன்பது போட்டுக்கொண்டார். கீப்பருக்கு எவ்வளவு என்றேன். "அதே போடு. ஆளு கெட்டிக்காரரு தான்" என்று திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மோட்டார் எரியாத வாரங்களிலும் அவர் வர ஆரம்பித்தார். நைனார்பாளையம் கீழ் டிவிஷனில் தொடங்கி, ஒன்பது சீசன் ஆடி, வெளிநாட்டு அணிகளையெல்லாம் தோற்கடித்து, கோப்பைக்கான கடைசி ஆட்டத்துக்கு வந்து நின்றது. "அடுத்த வாரம் வந்து ஆடறேன். கோப்பைய அவசரத்துல வாங்கக் கூடாது" என்று சேவ் செய்துவிட்டுப் போனார்.

அந்த வாரம்தான் சேவியர் அண்ணன் நான்கு பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்கி வந்தார். கன்சோலுக்குள் இருக்கிற பழைய டிஸ்கைக் கழற்றி, புதியதைப் போட வேண்டும். எல்லா சேவ் ஃபைலையும் பென் டிரைவுக்கு எடுத்துவிட்டேன், ஒன்றைத் தவிர. மூன்றாம் கன்சோலில் இருந்த ஏழுமலை அண்ணனின் கால்பந்து சேவ் மட்டும் நகல் எடுக்க விடாது, அப்படி ஒரு பூட்டு. "அப்ப அந்த மூணாவது மிசினைத் தொடாத" என்று சொல்லிவிட்டு சேவியர் அண்ணன் விழுப்புரம் கிளம்பினார். நான் தொட்டேன். சும்மா தூசி துடைக்கலாம் என்று அதன் டிஸ்கையும் கழற்றினேன். பழையதும் புதியதும் எல்லா டிஸ்கும் ஒரே கறுப்பு, ஒரே அளவு, மேசையில் வரிசையாக. எழுதி ஒட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே. மூன்றாம் கன்சோலின் டிஸ்கை இரண்டாம் கன்சோலில் மாட்டினேன். இந்த டிஸ்க் எனக்குரியதில்லை, அழித்துப் புதிதாக்கவா என்று திரை கேட்டது. அந்த வயதில் திரை எதைக் கேட்டாலும் ஆமாம் என்று அழுத்துவதுதான் என் வழக்கம்.

கோடு ஓடி முடிந்த பிறகுதான் உறைத்தது. டிஸ்கைக் கழற்றினேன், மாட்டினேன், ஊதினேன், கம்ப்யூட்டரில் போட்டேன். கன்சோல் பூட்டிவைத்த டிஸ்கைக் கம்ப்யூட்டர் படிக்காது என்று எல்லாருக்கும் பாடம் எடுத்தவனே நான்தான். சேவியர் அண்ணன் வந்ததும் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீயே சொல்லிடு அவருகிட்ட" என்று மட்டும் சொன்னார்.

டீமையாவது திரும்ப உண்டாக்கிவைத்துவிட்டுச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். ஒன்பது பேர் நினைவுக்கு வந்தார்கள். லைன்மேனுக்கும் போஸ்ட்மேனுக்கும் பெயர் வரவில்லை. அவர்களை நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. செவ்வாய்க்கிழமை கடை லீவு. பஸ் ஏறி நைனார்பாளையம் போனேன்.

இறங்கிய இடத்தில் டீக்கடை. பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நான் வைத்த மீசை. நான் தொங்கவிட்ட அளவுக்கே தொங்கியது. வேறு யாரிடமாவது கேட்டிருக்கலாம். ஒன்பது சீசனாகப் பார்த்த முகம் என்ற பழக்கத்தில், "அண்ணே, இந்த ஊரு லைன்மேன் பேரு இன்னாங்க?" என்று அவரிடமே கேட்டுவிட்டேன்.

"எதுக்கு? நீ ஈபி ஆபீஸா?"

"இல்லீங்க. அப்பறம் போஸ்ட்மேன் பேரும் வேணும்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். டீக்கடைக்காரரும் என்னைப் பார்த்தார். பொய் சொல்ல எனக்கு வராது, வந்தாலும் நேரத்துக்கு வராது. முழுவதையும் சொல்லிவிட்டேன். கோவிந்தன் அண்ணன் அசையாமல் கேட்டார்.

"என்னைய இன்னாவா போட்டுக்கினு இருக்கான்?"

"கோல் கீப்பருங்க."

"எத்தினி நாளா?"

"ஒம்போது சீசனுங்க."

கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "கோல் வுட்டனா?"

"ரொம்ப கம்மிங்க."

இரண்டு பெயரையும் சொன்னார். என் டீக்கும் அவரே கொடுத்தார். நான் பஸ் ஏறும்போது, "அவன் எந்தக் கெழமை வருவான்?" என்று கேட்டார். வியாழக்கிழமை என்றேன்.

வியாழக்கிழமை ஏழுமலை அண்ணன் சலவை சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கோப்பை வாங்கப் போகிறாரே. செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கையில் ரிமோட்டை எடுத்து, பதினோரு பெயரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "எல்லாம் இருக்கே தம்பி" என்றார்.

"பேரு மட்டும்தாண்ணே. ஆட்டம் எல்லாம் போச்சு. மொதல்ல இருந்து ஆடணும்."

"மொதல்ல இருந்தா?" என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் மேசையில் இருந்த ஒயர்களைச் சுருட்டினேன். ரிமோட்டை மெதுவாக வைத்துவிட்டு எழுந்தார். வாசலில் கோவிந்தன் அண்ணன் நின்றிருந்தார்.

"கோல் கீப்பர் யாரு? அத்த காட்டு" என்றார், என்னிடம்.

காட்டினேன். அவர் கிட்டத்தில் போய்க் குனிந்து பார்த்தார். "மீசை கொஞ்சம் ஓவரு" என்றார். பிறகு எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்தார். போவதா இருப்பதா என்று நின்ற ஏழுமலை அண்ணன் இடப்பக்கம் உட்கார்ந்தார். ஒரே டீமில் இரண்டு பேர் ஆடுகிற மாதிரி அமைத்து, கீப்பரை கோவிந்தன் அண்ணன் கையில் கொடுத்து, ஆட்டத்தைத் தொடங்கினேன்.

கோவிந்தன் அண்ணன் எந்தப் பட்டனைத் தொட்டாலும் கீப்பர் நடு மைதானத்துக்கு ஓடினார். நிற்கிற இடத்தில் நிற்பார் என்பதெல்லாம் பொய்யாகிவிட்டது. முதல் பாதியில் ஐந்து கோல்.

"தம்பி, அவருகிட்ட சொல்லு, கோட்டைத் தாண்டி வர வேணாம்னு."

"தம்பி, அவன்கிட்ட சொல்லு, யாரு கோட்டைத் தாண்டறதுன்னு ஊருக்கே தெரியும்னு."

நானும் தலையை இப்படியும் அப்படியும் திருப்பி அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். கழுத்து வலித்தது. இரண்டாம் பாதியில் எதிரணி ஆள் ஒருவன் தனியாகப் பந்தோடு வந்தான். ரேஷன் கடைக்காரர் எங்கோ இருந்தார். ஏழுமலை அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"அண்ணே, பந்து! பந்துண்ணே!"

"தோ, புடிச்சிட்டன்டா!"

நிஜமாகவே பிடித்திருந்தார். எப்படி என்று அவருக்கே தெரியாது. நான் வழக்கப்படி இடப்பக்கம் திரும்பி, "புடிச்சிட்டாராம்ணே" என்றேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டேன். அதன் பிறகு என்னைத் தாண்டி நேராகவே திட்டிக்கொண்டார்கள். ஏழுக்குப் பூஜ்யம் என்று தோற்றார்கள். படியிறங்கும்போது கூட ஏழாவது கோல் யாரால் போனது என்று சத்தம் கேட்டது.

உடனே கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அடுத்த வாரமும் தனித்தனி வண்டியில்தான் வந்தார்கள். நாலைந்து வாரம் கழித்து ஒரே மொபெட்டில் வந்து இறங்கினார்கள். யார் முறை என்பதை ஒரு காலண்டரில் எழுதி மோட்டார் கொட்டகையில் மாட்டிவிட்டதாக ஏழுமலை அண்ணன் சொன்னார். வோல்டேஜ் கம்மியானால் யார் முறையானாலும் நிறுத்திவிடுவதாம். மோட்டார் எரிவது நின்றது. எரிவது நின்றதும் டவுனுக்கு வருவது குறைந்தது. புது சேவ் இரண்டாவது சீசனோடு நின்றுவிட்டது. காயில் கடைக்காரர் என்னிடம் பல நாள் சரியாகப் பேசவில்லை.

பிறகு எனக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. எல்லார் கையிலும் கேம் ஆடுகிற போன் வந்ததும் சென்டருக்கு ஆள் வருவது நின்றது. சேவியர் அண்ணன் டிவிகளை விற்றுவிட்டு மகளோடு கோயம்புத்தூர் போய்விட்டார். காயில் கடையும் இப்போது இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது கட்டடத்தின் முன்பக்கம் போயிற்று, அதோடு மாடிப்படியும். கீழே பழக்கடை நடக்கிறது. மாடி அறை மட்டும் மேலே தனியாக நிற்கிறது. ஏறிப்போக வழியில்லாத சுவரில் எங்கள் சென்டரின் பச்சைக் கதவு, பூட்டுத் தொங்க, அப்படியே இருக்கிறது.

பொங்கலுக்குப் போனபோது சாலையின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டு, அங்கிருந்தே சேவியர் அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன்.

"சாவி இன்னும் எங்கிட்டதான்டா இருக்கு" என்றார்.